ஈரமாகாத சப்பாத்து

நான் ஒரு சந்தேகக்காரன். இத யாரும் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்ல. முப்பது வருஷத்துக்கு மேல டீ தோட்டத்துல கங்காணியா இருந்தவன் வேற எப்படி இருப்பான்? நிறுவைக்கு வர்ற ஒவ்வொரு சாக்குலயும் முழங்கை வரைக்கும் கைய விட்டுப் பாக்கணும். மேல கொழுந்து பச்சைப் பசேல்னு இருக்கும். அடியில தண்ணி தெளிச்சது இருக்கும், முத்தின இலை இருக்கும். ஒரு தடவை பாதி செங்கல்லே இருந்துச்சு. யாருடா வெச்சதுன்னு கேட்டா பத்துப் பேரும் திருதிருன்னு முழிப்பாங்க.

என் மனைவியும் அதே மலையில கொழுந்து எடுத்தவதான். அவ சாக்குலயும் கைய விட்டேன். கல்யாணமான புதுசுல அதுக்காக மூணு நாள் எங்கூடப் பேசல. "ஊருக்கு முன்னால பொண்டாட்டி சாக்கத் துழாவுற ஆம்பளைய இப்பத்தான் பாக்குறேன்"னு நாலாம் நாள் சோறு போடும்போது சொன்னா. அவ சாக்குல என்னைக்கும் ஒண்ணும் இருந்ததில்ல. இருந்தாலும் கைய விட்டேன். வேலைன்னா வேலைதானே லா.

இப்ப ரெண்டு பேருக்கும் அந்த வேலை இல்ல. மலையில இப்ப மிஷின் வெச்சு வெட்டுறது எல்லாம் பங்களாதேஷ் பையனுங்க. நாங்க அதே லயத்து வீட்டுலதான் இருக்கோம். சனி ஞாயிறுல தோட்டத்து டீக்கடைக்கு வர்ற டூரிஸ்ட் காருங்கள நிறுத்த இடம் காட்டுறது என் வேலை. அவ வேலைய விட்டு வீட்டோட இருந்தா. முப்பது வருஷம் மலை ஏறி இறங்கின கால், திடீர்னு டிவி முன்னால மடங்கி உக்காந்தா உடம்பு சும்மா இருக்குமா? ரெண்டாவது வருஷமே இனிப்பு நீர்னு சொல்லிட்டாங்க.

கிளினிக் மிஸ்ஸி விரல மடக்கி மடக்கிச் சொன்னாங்க. நர்ஸ நாங்க மிஸ்ஸின்னுதான் கூப்பிடுவோம். தினம் அரை மணி நேரம் நடக்கணும். பால் டின்னத் தொடக் கூடாது. தே ஓ கோசோங்தான், பாலும் சீனியும் இல்லாத வெறும் டீ. வெளியில எங்க போனாலும் சப்பாத்து போட்டுத்தான் போகணும், கால்ல சின்னக் கீறல் கூட ஆகாது. அடுத்த செக்கப்புக்குள்ள குறையலன்னா ஊசிதான். அவ எல்லாத்துக்கும் தலைய ஆட்டினா.

நான் ஊசிக்குப் பயப்படல. திரிங்காப்புல இருந்த அவ அக்காவ நினைச்சுப் பயந்தேன். அந்த அம்மாவுக்கும் இதே சீக்குதான். முதல்ல ஒரு விரல எடுத்தாங்க. அப்புறம் கணுக்கால் வரைக்கும். அப்புறம் கிட்னி போயி, வாரத்துல மூணு நாள் ரத்தம் சுத்தம் பண்ணப் போயி வந்து, ஒரு நாள் போனவங்க வரல. வீட்டுக்காரிய அந்த வழியில அனுப்ப எனக்கு மனசில்ல. அவ நடக்கணும். நடக்கிறாளா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்.

இதுக்கு நடுவுல எனக்குக் கண்ணுல ஆபரேஷன். ரெண்டு வருஷமா இடது கண்ணுல புரை, வலது கண்ணு சின்ன வயசுலயே தேயிலைச் செடி வெட்டுற கவாத்துக் கத்தி பட்டு அரைப் பார்வைதான். ஈப்போவுக்குக் கூட்டிட்டுப் போய்ப் புரைய எடுத்தாங்க. கட்டுப் பிரிச்சப்போ முதல்ல அவ முகத்தத்தான் பாத்தேன். "எம்புட்டு சுருக்கம் விழுந்திருச்சு உனக்கு"ன்னு சொன்னேன். "இதுக்குத்தான் கண்ணு கேட்டீங்களா"ன்னு சிரிச்சா. ஆனா கண்ணத் தொடச்சுக்கிட்டே சிரிச்சா. டாக்டர் ஆறு வாரம் குனியாதீங்க, தூசியில போகாதீங்க, மலைப் பக்கமே போகாதீங்கன்னுட்டாரு. கார் நிறுத்துற வேலையும் இல்ல. வீடுதான்.

அந்த வாரமே நடை ஆரம்பிச்சிருச்சு. ரத்தம் சுத்தம் பண்ணிக்கப் போற நோயாளிங்களுக்கு ஒரு வேன் வாங்கணும்னு கோயில் கமிட்டியும் சர்ச் ஆளுங்களும் சேந்து ஒரு அறநடை ஏற்பாடு பண்ணியிருந்தாங்க. தோட்டத்து கேட்டுலேருந்து டவுன் முருகன் கோயில் வரைக்கும் நடக்கணும். அதுக்குப் பழகிக்கணும்னு லயத்துப் பொம்பளைங்க ஏழெட்டுப் பேரு காலையில தேயிலைக்கு நடுவுல நடந்து மேட்டுல இருக்கிற பிள்ளையார் வரைக்கும் போயி வருவாங்க. கூட்டிட்டுப் போறது பக்கத்து வீட்டுத் தங்கச்சி. சர்ச்சுக்குப் போறவங்க, வீட்டுக்காரரு தவறிட்டாரு, ஆள் கறார்.

கோலாலம்பூர்ல இருக்கிற எங்க மக அம்மாவுக்கு நடை சப்பாத்து வாங்கி அனுப்பினா. வெள்ளையில ரோஸ் கோடு போட்டது. அவ அத மடியில வெச்சுத் தடவிக்கிட்டே இருந்தா. முதல் நாள் காலையில பாத்தா சப்பாத்த ஒரு பிளாஸ்டிக் பையில போட்டுக் கையில எடுத்துட்டுக் கிளம்புறா.

"கால்ல போடுறதுக்குத்தானே வாங்கிக் குடுத்தா?"

"வாசல்ல ஒரே சேறு. புதுசுங்க. ரோட்டுக்குப் போயி போட்டுக்கறேன்."

அதுல தப்பு சொல்ல முடியாது. எங்க லயத்துல எல்லாரும் அப்படித்தான். கல்யாணத்துக்குப் போறவன் கூட மேடு ஏறுற வரைக்கும் சப்பாத்தக் கையிலதான் வெச்சிருப்பான். சரின்னு விட்டேன். ஒரு மணி நேரம் கழிச்சு வந்தா, வெளிக் குழாயில கால் கழுவினா, குளிருதுன்னு காலுறைய மாட்டிக்கிட்டு உள்ள வந்து அடுப்பப் பத்த வெச்சா. சப்பாத்து படியில இருந்துச்சு. புதுக் கண்ணு பாருங்க, எல்லாம் பளிச்சுன்னு தெரியுது. தையல் தெரியுது, கயித்து முடிச்சு தெரியுது. ஈரம் மட்டும் தெரியல.

இங்க காலையில பனி எப்படிக் கொட்டும்னு இருக்கிறவங்களுக்குத் தெரியும். தேயிலைக்கு நடுவுல பத்து அடி நடந்தா முழங்கால் வரைக்கும் நனஞ்சிரும். செம்மண்ணு ஒட்டினா லேசுல போகாது. ஒரு மணி நேரம் நடந்த சப்பாத்து எப்படிக் கடையில இருந்த மாதிரியே இருக்கும்?

சரி, தொடச்சு வெச்சிருப்பான்னு முதல் நாள் நினைச்சேன். ரெண்டாம் நாளும் அப்படியே. மூணாம் நாள் விரல உள்ள விட்டுப் பாத்தேன். சூடும் இல்ல, வேர்வையும் இல்ல. அடேங்கப்பா, என்கிட்டயேவான்னு வந்துச்சு எனக்கு. எங்கயோ உக்காந்து கதை பேசிட்டு வர்றா. பக்கத்து வீட்டுல உக்காந்து பிஸ்கட்ட டீயில நனைச்சுத் தின்னுட்டு வர்றா. அக்காவ அடக்கம் பண்ணி அஞ்சு வருஷம் ஆகல, அதுக்குள்ள பயம் விட்டுப்போச்சா?

பால் டின்னுல பேனாவால கோடு போட்டு வெச்சேன். இறங்கல. சீனி டப்பாவ உள்ளங்கையால தட்டிச் சமமாக்கி வெச்சேன். அதுவும் அப்படியே இருந்துச்சு. அப்ப வெளியிலதான் திங்கிறா. பக்கத்து வீட்டுத் தங்கச்சி துணி காயப் போடும்போது வேலிக்கிட்டப் போயி நின்னேன்.

"எப்படிம்மா, எங்க வீட்டுல ஒழுங்கா நடக்கிறாளா?"

"வர்றாங்களே அண்ணே."

"வர்றாங்க சரி. நடக்கிறாளான்னு கேட்டேன்."

"நடக்காம எப்படி அண்ணே வருவாங்க?" அப்படின்னு சொல்லிட்டு ஒரு போர்வைய எடுத்து என் முகத்துக்கு நேரா விரிச்சுக் காயப் போட்டாங்க. பொய் சொல்லத் தெரியாத ஆளுங்க பண்ற வேலை அது. சாக்குல கல்லு வெச்சவனும் இப்படித்தான் வேற பக்கம் பாப்பான். ரெண்டு பேரும் கூட்டுன்னு முடிவே பண்ணிட்டேன்.

அன்னைக்குச் சாயங்காலம் ஒரு சாக்பீஸ் எடுத்து ரெண்டு சப்பாத்து அடியிலயும் குறுக்கால ஒரு கோடு இழுத்தேன். மறுநாள் அவ வந்து கால் கழுவிட்டு உள்ள போனதும் படிக்கு ஓடினேன். குனியக் கூடாதுன்னு டாக்டர் சொன்னதுனால சப்பாத்தக் கண்ணு உயரத்துக்குத் தூக்கிப் பாத்தேன். கோடு அப்படியே இருக்கு. ஒரு சிராய்ப்புக் கூட இல்ல. கையும் களவுமா பிடிச்ச சந்தோஷத்துல எனக்குச் சிரிப்பே வந்துருச்சு, சொன்னா வெக்கம்.

ஆனா அவகிட்ட ஒண்ணும் கேக்கல. கங்காணி எடுத்த எடுப்புல கேக்க மாட்டான். நிறுவைத் தராசுக்கு முன்னால, எல்லாரும் பாக்கும்போதுதான் சாக்கக் கொட்டுவான். கிளினிக்குல வெச்சுக்கலாம்னு இருந்தேன். ரத்தத்த எடுத்துப் பாத்தா குட்டு வெளியாயிரும், மிஸ்ஸி வாயாலயே வாங்கட்டும்னு.

கிளினிக்குக்குப் போனோம். மிஸ்ஸி கம்ப்யூட்டரப் பாத்துட்டு, "ஆண்ட்டி, சூப்பர் லா! நல்லா குறைஞ்சிருக்கு. இப்படியே நடங்க"ன்னு சொன்னாங்க. நடக்காமயே எப்படிக் குறையும்? அந்த யோசனையிலேயே நான் இருக்கேன், மிஸ்ஸி கேட்டாங்க, "கால் எப்படி இருக்கு ஆண்ட்டி? காட்டுங்க பாப்போம்."

"கால்ல ஒண்ணுமில்ல மிஸ்ஸி. இந்தக் குளிர்ல காலுறைய வேற கழட்டணுமா, வெளிய எம்புட்டுப் பேரு காத்திருக்காங்க."

வெளிய கூட்டம் நின்னது உண்மை. மிஸ்ஸி என்னப் பாத்தாங்க. "அங்கிள், கால்ல ஒண்ணும் இல்லதானே?"

"ஒண்ணுமில்ல மிஸ்ஸி"ன்னு நானும் சொன்னேன்.

ஒரு மாசமா அவ சொன்ன எதையும் நம்பாதவன், அந்த ஒரு வார்த்தைய மட்டும் நம்பினேன். நம்பினேன்னு கூடச் சொல்ல முடியாது. காதுல வாங்கவே இல்ல. என் புத்தி முழுசும் சப்பாத்துல இருந்துச்சு.

அதே வாரம் அவ துவைக்கப் போட்ட காலுறையில மஞ்சளா ஒரு கறை பாத்தேன். மோந்து பாத்தேன், மஞ்சள் வாசம். உடனே எனக்கு எல்லாம் புரிஞ்ச மாதிரி ஆயிருச்சு. ஜாமு! பிரிஞ்சாங் ராத்திரிச் சந்தையில பாட்டில்ல விக்கிறானே, மலாய் நாட்டு மருந்து, அதுல பாதி மஞ்சள்தான், குடிக்கிறப்போ கால்ல சிந்தியிருக்கு. அதக் குடிச்சு இனிப்ப இறக்கிட்டு எனக்கும் மிஸ்ஸிக்கும் நாடகம் போடுறா. அதுல என்னத்தக் கலக்குறானோ, குடிச்சவங்க கிட்னி போச்சுன்னு எத்தனை கதை கேட்டிருக்கோம். பயமும் கோவமும் ஒண்ணாப் புடிச்சிருச்சு.

வீடு பூராத் தேடினேன். அலமாரி மேல, கட்டில் அடியில, சாமி படத்துக்குப் பின்னால. அரிசி டின்னுல முழங்கை வரைக்கும் கைய விட்டுத் துழாவுறப்போ அவ பின்னால வந்து நிக்கிறா.

"என்ன தேடுறீங்க?"

"எலி."

"அரிசிக்குள்ளயா?"

"எலி எங்க வேணா இருக்கும். உனக்கென்ன தெரியும்?"

என் கையில ஒட்டின அரிசியத் தட்டி விட்டுட்டு அடுப்படிக்குப் போயிட்டா. அவ போன நடையில லேசா ஒரு சாய்ப்பு இருந்துச்சோன்னு இப்ப நினைக்கிறேன். அப்ப நான் அவ கையில பாட்டில் இருக்கான்னுதான் பாத்தேன்.

அறநடை அன்னைக்கு எனக்கு ஆறு வாரக் கணக்கு முடிஞ்சிருந்துச்சு. தண்ணி குடுக்கிற மேசைக்கு ஆள் வேணும்னு கமிட்டியில கேட்டாங்க. நானே கேட்டு வாங்கிக்கிட்டேன். ரோடு வளைவுல மேசை, யாரும் என்னத் தாண்டாமப் போக முடியாது. நடந்து வந்தா வரட்டும், யாரோட காராவது பிடிச்சு வந்தா அங்கேயே வெச்சுக் கேக்கலாம்னு காத்திருந்தேன். தூறல் விட்டிருந்துச்சு. தார் ரோடு நனஞ்சு கருப்பா மின்னிச்சு. மஞ்ச டீஷர்ட்டு போட்ட கூட்டம் சிரிச்சுக்கிட்டு, போன்ல படம் பிடிச்சுக்கிட்டு வருது. கியா பார்ம் ஆளுங்க, கோலா தெர்லாவுலேருந்து சீனப் பொம்பளைங்க, பள்ளிக்கூடப் புள்ளைங்க. கப்ப நீட்டிக்கிட்டே நான் கால்களப் பாக்குறேன்.

கடைசியில எங்க லயத்து ஆளுங்க வந்தாங்க. நடுவுல அவ. பை தோள்ல தொங்குது. பைக்குள்ள அந்தச் சப்பாத்து. கால் வெறும் கால்.

எனக்கு முதல்ல புரியல. அவ நடக்கிறா. தலைய நிமித்திக்கிட்டு, வாய் ஏதோ முணுமுணுக்க, வேல் இல்லாமயே காவடி எடுக்கிறவ மாதிரி நடந்து வர்றா. அவ தாண்டின இடத்தப் பாத்தேன். நனஞ்ச ரோட்டுல, இடது கால் பட்ட இடத்துலயெல்லாம் சின்னதா ஒரு கறை. மழைத் தண்ணியில பரவிக் கரையுது. அடுத்த அடியில திரும்ப ஒண்ணு. ஆபரேஷனுக்கு முன்னாடின்னா இது எனக்குத் தெரிஞ்சே இருக்காது. இப்ப ஒண்ணொண்ணும் தெரிஞ்சுச்சு.

"இந்தா, நில்லு!"ன்னு கத்தினேன். மேசை சாஞ்சு கப்பெல்லாம் உருண்டுச்சு. "கால்ல ரத்தம்டி!"

அவ குனிஞ்சு பாத்தா. யாரோ வேற ஒருத்தர் கால் மாதிரி பாத்தா. "வலிக்கவே இல்லையேங்க"ன்னு சொன்னா.

வலிக்காது. அக்காவுக்கும் வலிக்கல.

உக்கார வெச்சுக் காலத் தூக்கி என் மடியில வெச்சேன். சுண்டு விரலுக்குக் கீழ ஒரு ஓட்டை. சுத்தி மஞ்சள் அப்பிக் காஞ்சு போயிருக்கு, உள்ள சீழ். கவாத்து வெட்டின காட்டுல தேயிலைத் தண்டு ஈட்டி மாதிரி நிக்கும். அதுல ஒரு குச்சி ஏறியிருக்கு, கிளினிக்குக்குப் போற வாரத்துல. பிடுங்கிப் போட்டு மஞ்சள் அப்பியிருக்கா. முனை உள்ளேயே ஒடிஞ்சு நின்னது அவளுக்குத் தெரியல. வலியில்ல, அதனால ஆறிப்போச்சுன்னு நினைச்சிருக்கா. எத்தனை வருஷம் நானே ஆள் விட்டுக் கவாத்து வெட்டின காடு அது.

"என்ன எழவுக்குடி வெறுங்கால்ல நடந்த? அந்த மிஸ்ஸி தலைபாடா அடிச்சுக்கிட்டாங்களே!" நான் கத்தின கத்துல பள்ளிக்கூடப் புள்ளைங்க ஒதுங்கி நின்னுச்சுங்க. கோவம் இல்ல அது. பயம்.

பக்கத்து வீட்டுத் தங்கச்சிதான் சொன்னாங்க. "உங்க கண்ணுக்கு நேந்துக்கிட்டாங்க அண்ணே. ஆபரேஷன் நல்லா ஆனா ஒரு மண்டலம் காலை நடைய செருப்புப் போடாம நடக்கிறேன்னு. இன்னையோட நாப்பத்தெட்டு. நான் சொல்லிப் பாத்தேன், கேக்கல. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. அவங்க சாமிக்கு நேந்தது, நான் எப்படி அண்ணே குறுக்க நிக்கிறது?"

சத்தியம் வாங்கத்தான் வேணும். எனக்கு நேத்திக்கடன்னா ஆகாது. சாமி உன் பட்டினியத் தின்னுதான் வாழணுமாடின்னு அவ விரதம் இருந்தப்பல்லாம் கேட்டவன் நான். சொல்லியிருந்தா விட்டிருப்பேனா? சப்பாத்தக் காலோட சேத்துத் தச்சே விட்டிருப்பேன்.

கமிட்டித் தலைவரோட வண்டியில ஏத்தினோம். அப்பவும், "கோயில் இதோ தெரியுதுங்க, முடிச்சிட்டு வந்துரட்டுமா"ன்னு கேக்குறா. பேசாம இருடின்னேன். தானா ராத்தா ஆஸ்பத்திரியில பாத்துட்டு ஈப்போவுக்கு அனுப்பினாங்க. சுண்டு விரலையும் அதுக்கு அடுத்ததையும் எடுத்தாச்சு. இன்னும் நாலு நாள் விட்டிருந்தா பாதத்தையே எடுத்திருப்போம்னு சொன்ன டாக்டர் ஒரு சின்ன வயசு மலாய்க்காரப் பொண்ணு. திட்டல. மெதுவா மலாய்ல, மாமான்னு கூப்பிட்டுக் கேட்டுச்சு, "பாக்சிக், வீட்டுல யாரும் அவங்க காலப் பாக்கிறது இல்லையா?"

நான் என்னத்தச் சொல்ல? சப்பாத்தப் பாத்தேன்மா. தினம் பாத்தேன். அடியப் பாத்தேன், உள்ள விரல விட்டுப் பாத்தேன், கோடு போட்டுப் பாத்தேன். காலுறைய மோந்து கூடப் பாத்தேன். அவ நடந்து நடந்து வாங்கிக் குடுத்த கண்ண வெச்சுத்தான் இத்தனையும் பாத்தேன். கால மட்டும் பாக்கல. தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னேன், குனியலாம்னு டாக்டர் சொல்லியாச்சே.

இப்ப நாங்க ரெண்டு பேருமா நடக்கிறோம். கவாத்துக் காட்டுப் பக்கம் போறதில்ல, ரோட்டோரமாத்தான். அவளுக்குச் சப்பாத்துக்குள்ள பஞ்சு வெச்சு விரல் இல்லாத இடத்த அடைக்கணும், அத நான்தான் வெப்பேன். வெள்ளைச் சப்பாத்து இப்ப வெள்ளையா இல்ல. செம்மண்ணு ஏறி, ரோஸ் கோடு எங்கன்னே தெரியல. மக போன்ல பாத்துட்டு, "ஐயோம்மா, துவைக்கக் கூடாதா"ன்னு கேட்டா. வேண்டாம், அப்படியே இருக்கட்டும்னு நான் சொல்லிட்டேன்.

சாயங்காலம் விளக்குப் போட்டதும் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில உக்காந்து அவ காலத் தூக்கி மடியில வெச்சுக்குவேன். ஒரு கையில முகம் பாக்கிற கண்ணாடி. குதிகால், விரல் இடுக்கு, அந்தத் தையல் போட்ட இடம், ஒண்ணு விடாமப் பாப்பேன். அவளுக்கு வெக்கமும் சிரிப்பும். "என்ன கங்காணி, கல்லு ஏதும் இருக்கா? நிறுக்கிறதுக்கு முன்னால நல்லாப் பாத்துக்குங்க லா"ம்பா. சில நாள் அவளுக்கு அலுப்பா இருக்கும். காலப் பின்னால இழுத்துக்குவா.

"கால்ல ஒண்ணுமில்லங்க. நேத்துத்தானே பாத்தீங்க."

நான் நம்புறதில்ல. காலுறையக் கழட்டுன்னு சொல்றேன்.